ஒத்திகையும் கீழ்ப்படிதலும்

'எமர்ஜென்சி' என்ற சொல்லை என் தலைமுறைக்காரர்கள் வெறும் காதோடு கேட்க முடியாது. 1975 ஜூன் 25 இரவு தொடங்கி 1977 மார்ச் 21 வரை அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் ஒன்றே ஒன்று: வரிசையில் நில், பேசாதே. வினோபா பாவே அதை 'அனுசாசன பர்வம்' என்று சொன்னதாக அரசு நாடெங்கும் பரப்பியது. கட்டுப்பாடு ஒரு தேசிய குணமாகியிருந்தது. ரயில் நேரத்துக்கு வருகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களில் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். ஆகவே, தீ, வெள்ளம், நிலச்சரிவு, நெரிசல் இவற்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஆபத்தின் பெயரால் கற்பிக்கப்படுவது அநேகமாகக் கீழ்ப்படிதலாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம். அது நியாயமானதா, அல்லது ஒரு பழைய காயத்தின் சொறியா என்று எனக்கு நானே விசாரித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த பள்ளியில் வராந்தா ஓரமாக மூன்று சிவப்பு வாளிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் 'தீ'. உள்ளே மணல். கணக்கு வாத்தியார் வெற்றிலைச் சாறு துப்பித் துப்பி அந்த மணல் ஒருவித செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் புது மணல் கொட்டுவார்கள். அன்று ஒரு ஒத்திகையும் உண்டு. மணி விடாமல் அடிக்கும். நாங்கள் உயர வரிசையில் நின்று மைதானத்துக்கு நடக்க வேண்டும். டிரில் மாஸ்டர் விசிலோடும் பிரம்போடும் கூட வருவார். ஒருமுறை ஒரு பையன், "சார், நெசமா தீப்புடிச்சா படிக்கட்டுப் பக்கந்தானே புகை வரும், அந்தப் பக்கமே எதுக்குப் போறோம்?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு உள்ளங்கையில் இரண்டு விழுந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பள்ளியில் தீயைப் பற்றி உண்மையாக யோசித்த ஒரே ஆத்மா அவன்தான். ஆபத்தில் உயர வரிசைப்படி நிற்க வேண்டும் என்பதைத் தவிர நாங்கள் வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இதே பள்ளிக்கூடங்கள்தான் ஒரு ஆங்கிலக் கவிதையைப் பல தலைமுறைகளாக நெட்டுருப் போட வைத்தன. ஃபெலிசியா ஹெமன்ஸ் எழுதிய 'கசபியாங்கா'. 1798இல் நைல் நதிப் போரில் தீப்பற்றிய கப்பலில், தகப்பனின் கட்டளை வரும்வரை நகர மாட்டேன் என்று நின்று செத்துப்போன சிறுவனைப் பற்றியது. தகப்பன் ஏற்கெனவே கீழ்த்தளத்தில் செத்துக் கிடக்கிறான், கட்டளை வரப்போவதில்லை. இதை வீரம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஓடிவிடு என்று அவனிடம் சொல்ல ஒருவரும் இல்லையே என்று ஆசிரியர் யாரும் அங்கலாய்த்ததாக நினைவில்லை. நம் புராணங்களும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவை அல்ல. சொன்ன சொல்லுக்காக எரிவது நமக்குப் பரிச்சயமான அறம். எரியாமல் தப்பிப்பதற்கும் ஓர் அறம் இருக்க முடியும் என்பதை நாம் யோசித்ததே இல்லை.

2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக் கீற்றுக்குத் தாவியது. மாடியில் சின்ன வகுப்புகள், இறங்குவதற்கு ஒடுக்கமான வழி. 94 குழந்தைகள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவிட்டார்கள். நல்லதுதான். கூரையை மாற்ற ஓர் அரசாணை போதும். சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று ஐந்து வயதில் உடம்பில் ஏற்றப்படும் பாடத்தை எந்த அரசாணையால் மாற்றுவது? அங்கே அன்று நிகழ்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கீற்றும் அடுப்பும் பணத்தாசையும் போதுமான காரணங்கள். ஆனால் வகுப்பறை என்ற அமைப்பே, குழந்தை தன் கண்ணை நம்பாமல் வாத்தியாரின் முகத்தை நம்பும்படி அமைந்த ஒன்று. சாதாரண நாட்களில் இதனால் மூளை மட்டும்தான் சாகிறது.

இந்தக் கேள்வி எங்கும் விட அப்பட்டமாக முன்னால் வந்து நின்றது ஜப்பானில், 2011 மார்ச் 11 அன்று. இரண்டு இடங்கள். ஒன்று, இஷினோமாகி பக்கத்தில் ஒகாவா ஆரம்பப் பள்ளி. பூகம்பம் நின்றதும் ஆசிரியர்கள் ஒழுங்காகப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலை எண்ணினார்கள். எங்கே போவது என்று பேசினார்கள். ஏறக்குறைய ஐம்பது நிமிஷம். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகளுக்குப் பழகிய குன்று. மலைமேல் ஏறிவிடலாம் என்று சில சிறுவர்கள் சொன்னார்கள் என்பது பிழைத்தவர்களின் சாட்சியம். கடைசியில் ஆற்றுப் பாலத்தை நோக்கி வரிசையாக அழைத்துப் போனபோது எதிரே வந்தது அலை. 74 பிள்ளைகள், பத்து ஆசிரியர்கள். பெற்றோர் வழக்குப் போட்டு, 2019இல் உச்ச நீதிமன்றம்வரை போய், பள்ளி நிர்வாகத்தின் ஆயத்தமின்மையே குற்றம் என்று தீர்ப்பு நின்றது.

இன்னொன்று காமயிஷி. அங்கே தொஷிதாகா கதாதா என்ற பேராசிரியர் சில வருஷங்களாகப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று: வரைபடத்தை நம்பாதே, அந்த நிமிஷத்தில் உன்னால் முடிந்த உச்சத்தைச் செய், முதலில் ஓடுகிறவனாக நீ இரு. அந்த ஊரின் இரண்டு பள்ளிகள் அரசாங்க வரைபடத்தில் அலை எட்டாத இடத்தில் இருந்தன. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதை நம்பாமல் ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறிக்கப்பட்ட புகலிடத்துக்கு வந்தபின் அங்கே பக்கத்துச் சரிவு உதிர்வதைப் பார்த்து, இதுவும் போதாது என்று இன்னும் மேலே போனார்கள். பள்ளி மூழ்கியது. அன்று பள்ளியிலிருந்து ஓடிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

வரைபடத்தை நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிற ஒரு வாத்தியார்! என் சந்தேகத்தின் அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது. ஆபத்துக் கல்வி என்பது கீழ்ப்படிதலின் கல்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது சரியாகக் கற்பிக்கப்பட்டால் தகுந்த நேரத்தில் கீழ்ப்படியாமல் இருப்பதன் கல்வி. நிஜமான எமர்ஜென்சி, 1975இன் எமர்ஜென்சிக்கு நேர் எதிரானது போலும்.

ஆனால் இதிலேயே ஒரு முள் இருக்கிறது. ஜப்பானின் அந்தக் கடற்கரையில் 'தெந்தெங்கோ' என்று ஒரு சொல் வழக்கு. அலை வந்தால் அவரவர் தனித்தனியாக ஓடு, பெற்றவர்களுக்காகக்கூடக் காத்திராதே என்று அர்த்தம். இதை ஒரு தமிழ்க் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். அம்மாவை விட்டுவிட்டு ஓடு என்று. நம் வாயில் வராது. வந்தாலும் அது பாவம் போலக் கேட்கும். முதலில் நானும் இதை முதலாளித்துவ உலகின் தன்னலம், பேரலையின் உடையில் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறாகத் தெரிகிறது. அம்மா ஏன் பள்ளிக்கூடத்தை நோக்கி, அலைக்கு எதிராக ஓடுகிறாள்? பிள்ளை ஓடியிருக்க மாட்டான் என்ற பயத்தால். பிள்ளை ஏன் வீட்டை நோக்கி ஓடுகிறான்? அம்மா தனக்காகக் காத்திருப்பாள் என்று. இருவரும் ஒருவரையொருவர் தேடி நடுவழியில் சாகிறார்கள். அவன் ஓடியிருப்பான் என்று அவளும், அவள் ஓடியிருப்பாள் என்று அவனும் நிச்சயமாக நம்ப முடிந்தால் இருவரும் பிழைப்பார்கள். அந்த நிச்சயத்தை அலை வரும் நேரத்தில் உண்டாக்க முடியாது. முன்பே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண இரவில் பேசி வைத்திருக்க வேண்டும். தனியாக ஓடு என்பது அன்பின் மறுப்பு அல்ல, முன்கூட்டியே செய்துகொண்ட அன்பின் ஒப்பந்தம். அந்தப் பேச்சைப் பேச நம் வீடுகளில் ஒருவருக்கும் நாக்கு எழாது. "சோத்து முன்னாடி உக்காந்து என்ன பேச்சு இது" என்று முடிந்துபோகும்.

இதையெல்லாம் நான் திருவண்ணாமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை இனியும் ஒத்திப்போட முடியாது. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முதல் நாள் இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, நகராமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாலையில் மலையின் ஒரு சரிவு வழுக்கி, மண்ணும் பாறையுமாக வ.உ.சி. நகர் வீடுகளின்மேல் இறங்கியது. ஏழு பேர். அவர்களில் ஐவர் குழந்தைகள். உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின. அதே மழையில் அன்று நள்ளிரவுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்து, கீழே தென்பெண்ணைக் கரை ஊர்களில் ஜனங்கள் தூக்கத்திலிருந்து தண்ணீருக்குள் எழுந்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபம். நிபுணர்கள் பார்த்துச் சொன்னதன்பேரில் அந்த வருஷம் பக்தர்கள் மலை ஏற அனுமதியில்லை. 2,668 அடி உயரத்தில் தீபம் வழக்கம்போல எரிந்தது. கீழே லட்சக்கணக்கானோர் கைகூப்பி நின்றார்கள், நானும் நின்றேன். எந்தச் சரிவைப் பார்த்து, எதற்காகக் கைகூப்புகிறோம் என்ற குழப்பம் அன்று என்னைப் போலச் சிலருக்காவது இருந்திருக்கும்.

இங்கே மலையேதான் தெய்வம். தெய்வம் தலைமேல் விழலாம், ஆகவே மழை இத்தனை பெய்தால் வீட்டைவிட்டு இறங்கிவிடு என்று ஒரு குழந்தைக்கு எந்த மொழியில் சொல்வது? சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். பக்தி பாறையின் எடையைக் குறைப்பதில்லை என்பது மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என் நிஜமான தயக்கம் வேறு. அந்த ஏழு பேருக்கும் எந்தப் பாடமும் உதவியிருக்காது. மலைச்சரிவில் வீடு கட்டிக்கொள்பவர்கள் வேறெங்கும் மனை வாங்க வக்கில்லாதவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆபத்தில் தப்பிப்பதைக் கற்பிப்போம் என்று ஒரு ஸ்தாபனம் வரும்போது, பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறிவிடுகிறது. நாளை பாறை விழுந்தால், 'உனக்குத்தான் பாடம் எடுத்தோமே' என்று சொல்ல ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. சாவுக்குக்கூடச் செத்தவனின் கவனக்குறைவே காரணமாகிவிடும். தீபக் கூட்டத்தில் குழந்தை தொலையாதிருக்கப் போலீஸார் அதன் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். பயனுள்ள காரியம், கேலி செய்யவில்லை. ஆனால் கூட்டத்தை முறைப்படுத்துவது யார் வேலை என்ற கேள்வியைப் பட்டை கட்டிவிட்டு மறந்துவிட முடியுமா? ஆகவே என் நிலை இது: கற்பிக்கலாம், கற்பிக்க வேண்டும்; ஆனால் மனையும் வடிகாலும் எச்சரிக்கையும் கேட்கக் கற்பிக்காத ஆபத்துக் கல்வி ஒரு மோசடி. மலை ஏன் சரிந்தது, மேலே இருந்த மரங்கள் என்ன ஆயின, அணையை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பவர் யார் என்று கேட்காதே, ஓடப் பழகு என்பது பழைய டிரில் மாஸ்டரின் விசில்தான்.

இந்த மலையிலேயே இதற்கு ஒரு மாற்று நடந்துகொண்டிருக்கிறது. கோடையில் மலையில் தீப்பிடிக்கும். மஞ்சம்புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ ஏறும் வேகம் நம்ப முடியாதது. மேல்நோக்கிப் போகும் தீ தன் முன்னாலிருக்கும் புல்லைத் தானே சூடாக்கிக்கொண்டு போகிறது. 'ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளைக்காரர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே மரம் நடுகிறார்கள், கோடைக்கு முன் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள், தீ பிடித்தால் ஏறிப் போகிறார்கள். மலைத் தீ அணைக்கப் போகும் இளைஞன் ஒருவனோடு ஒருநாள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வயதிருக்கும். முதலில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். பச்சைத் தழையால் எப்படி அடிப்பது என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "எப்பத் திரும்பி வரணும்னுதான் சார் மொதல்ல" என்றான். பிறகு, "தீக்கு மேல நிக்கக் கூடாது. ஓரமா வரணும். மாட்டிக்கிட்டோம்னா எரிஞ்சு முடிஞ்ச எடத்துக்குப் போயிடணும். கருகுன எடந்தான் பத்திரம்."

கருகின இடம்தான் பத்திரம். இதை எழுதும்போதே என் கை இதை ஒரு படிமமாக்கப் பரபரக்கிறது. அவன் சொன்னது படிமம் அல்ல; எரிவதற்கு மீதம் ஒன்றுமில்லாத நிலத்தில் தீ திரும்ப வராது என்ற தகவல்.

அந்தப் பரபரப்பு நம் வியாதி, இந்த ஊரில் அது இன்னும் கடுமை. எதையும் உடனே தத்துவமாக்கிவிடலாம். ஆபத்து, ஒத்திகை, இளைஞர்கள் என்று பேச்செடுத்ததும் 1896இல் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடி அறையில் நடந்தது ஞாபகம் வராமல் போகுமா? பதினாறு வயது வேங்கடராமன். உடம்புக்கு ஒன்றுமில்லை, திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம். யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக்கி, பிணமாகக் கிடந்து பார்த்தான். இதைவிட முழுமையான ஒத்திகையை எந்தப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் நடத்தியதில்லை. ஆனால் ரமணரின் கதையில் இதற்கடுத்த பகுதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த செப்டம்பரில் இங்கு வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தபோது ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குள் போனார். அங்கே பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணாகி, நினைவில்லாமல் உட்கார்ந்திருந்தவரைச் சிலர் உள்ளே இறங்கித் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மரணத்தை ஒத்திகை பார்த்து வென்றவனுக்கும் யாராவது ஒருவர் இருட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது. கல்லெறிந்த பையன்களும் தூக்கிய கைகளும் ஒரே ஊர்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் மரணம். இருத்தலின் விளிம்பு, அபத்தம், எல்லைநிலை அனுபவம் என்று ஐம்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு ஒருவன் கையில் ரத்தம் பீறிட்டால் எங்கே அழுத்துவது என்று தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை எப்போது தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமி. கிரிவலப் பாதையில் எனக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர் சட்டென்று விழுந்து வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தார். வலிப்பு. கூட்டம் வட்டமாக நின்றுவிட்டது. "யாராவது தண்ணி குடுங்கப்பா", "யாராவது போன் பண்ணுங்க", "யாராவது டாக்டர் இருக்கீங்களா". எல்லோரும் யாராவதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும். உண்மையைச் சொல்வதென்றால், என் மனம் அந்தச் சமயத்தில் அந்த மனிதரின் கட்டைவிரல் மண்ணில் போடும் கோட்டைக் கவனித்துக்கொண்டிருந்தது. அதை எங்கேயாவது உபயோகிக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பதினைந்து, பதினாறு வயதுப் பெண் ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்டியிட்டது. தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைத்தது. பக்கத்திலிருந்த கல்லைத் தள்ளியது. ஒருவர் பாட்டிலோடு குனிந்தபோது, "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்றது. இன்னொருவர் வழக்கம்போலத் தன் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். அந்தப் பெண் அதைப் பார்த்து, "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டது. பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. "ஜோல்னாப்பை தாத்தா, நீங்க 108க்குப் போன் போடுங்க."

போட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக அந்தப் பாதையில் நடக்கிறேன். அதைப் பற்றி ஒரு நீள்கவிதை வேறு எழுதியிருக்கிறேன். எங்கே இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலை தெரிகிறது, நிலா இருக்கிறது என்று சொல்லாததுதான் பாக்கி. அந்தப் பெண் வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நிருதி லிங்கம் தாண்டி, வருண லிங்கத்துக்கு முன்னாடி, இடது பக்கம் தண்ணித் தொட்டி" என்றது. நான் கிளிப்பிள்ளை போல அதைத் திருப்பிச் சொன்னேன்.

இழுப்பு நின்றது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. "என்னை ஏம்மா காட்டினே?" என்று கேட்டேன். "யாராச்சும்னு சொன்னா யாரும் வரமாட்டாங்க தாத்தா. ஒரு ஆளக் கை காட்டிச் சொல்லணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றது. யார் சொல்லிக்கொடுத்தது, என்ன திட்டம் என்று விசாரிப்பதற்குள் அதன் அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏண்டி, உனக்கெதுக்குடி இந்த வேல? கண்டவங்க தலையப் புடிச்சிகினு நடுரோட்ல உக்காந்துகினு..." ஆம்புலன்ஸ் வந்தது. அவர் கண் திறந்து, இது எந்த இடம் என்று கேட்டார்; இந்தத் தடவை என்னால் சொல்ல முடிந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு, அம்மா திட்டத் திட்ட, வருண லிங்கத்தை நோக்கி நடந்தது.

சாவிக்கொத்தைக் கொடுத்த மனிதர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.